சன்னது

1920களின் நடுப்பகுதியில் கோவில்பட்டிக் கோர்ட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வக்கீல் வழக்காடிக்கொண்டிருந்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் கப்பல் கம்பெனி தொடங்கியவர், ராஜத்துரோகத்துக்காகக் கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்தவர். இப்போது வரப்புத் தகராறுக்கும் புரோநோட்டுக் கடனுக்கும் ஆஜராகிக்கொண்டிருந்தார். 1932இல் தூத்துக்குடிக்குக் குடிபோகும்வரை வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இந்த ஊர்தான் பிழைப்பு.

கப்பலோட்டிய தமிழன் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் நமக்கு அவரை நன்றாகத் தெரியும். கப்பலுக்கும் செக்குக்கும் நடுவே வக்கீல் கொஞ்சம் மறைந்துபோனார். பாடநூல்களில் அவருடைய தொழில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரியைப் பிரித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. இன்று மனித உரிமை வழக்கு, பொதுநல வழக்கு என்று நாம் சொல்கிறவற்றுக்கு எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் கரிசல்காட்டு வக்கீல் ஒருவரால் என்ன செய்ய முடிந்தது, எது முடியவில்லை என்று பார்த்தால், நூறாண்டு கழித்து இதே கோவில்பட்டியில் நடந்த ஒன்றும் வேறுவிதமாக விளங்குகிறது.

கரிசலின் வழக்குகளுக்கென்று ஒரு குணம் உண்டு. கரிசல் மண் மழை பெய்தால் காலை விடாது; காய்ந்தால் வெடித்துப் பிளக்கும். இந்த மண்ணில் பருத்தியும் கம்பும் உளுந்தும் வானத்தை நம்பித்தான் விளையும். ஒரு மழை தப்பினால் கடன், கடனுக்குப் பின்னால் பத்திரம், பத்திரத்துக்குப் பின்னால் கோர்ட்டு. எட்டயபுரம் ஜமீனின் எல்லைக்குள் தீர்வை, குத்தகைச் சண்டைகள் வேறு. ஊருக்கு ஊர் வக்கீலைத் தேடிப் போகிற வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. வ.உ.சி.யின் தகப்பனார் உலகநாத பிள்ளையும் ஓட்டப்பிடாரத்தில் வக்கீல். மகன் தாலுகா அலுவலகத்தில் கொஞ்ச காலம் எழுத்தராக இருந்துவிட்டுத் திருச்சிக்குப் போய்ச் சட்டம் படித்தார். 1894இல் பிளீடர் தேர்வில் தேறி, மறு ஆண்டு ஓட்டப்பிடாரத்திலேயே தொழிலைத் தொடங்கினார்.

பிளீடர் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அன்றைய வக்கீல் தொழிலில் படிநிலைகள் கடுமையாக இருந்தன. சீமையில் படித்த பாரிஸ்டர், உயர் நீதிமன்ற வக்கீல், அதற்குக் கீழே முதல் தரப் பிளீடர், இரண்டாம் தரப் பிளீடர். வ.உ.சி. இரண்டாம் தரம். தாலுகாவிலும் ஜில்லாவிலும் உள்ள கீழ்க்கோர்ட்டுகளோடு அவருடைய எல்லை முடிந்தது. அந்த எல்லைக்குள் ஏழைகளுக்காக ஆஜரானார். பணக்காரக் கட்சிக்காரருக்காகத் தகப்பனார் நிற்க, எதிர்த்தரப்பில் மகன் நின்ற வழக்குகளும் உண்டு. போலீசார் ஜோடித்த வழக்குகளை உடைத்தார். சப் மாஜிஸ்திரேட்டுகள் மூவர் மீதான லஞ்சக் குற்றச்சாட்டை நிரூபித்தார். சின்ன ஊரில் போலீசையும் மாஜிஸ்திரேட்டையும் ஒருசேரப் பகைத்துக்கொண்டு பிளீடர் பிழைக்க முடியாது. 1900இல் தகப்பனார் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார்.

அந்தச் சப் மாஜிஸ்திரேட் யார்? இன்றைய நீதித்துறை நடுவரைப் போலத் தனித்து நின்றவர் அல்லர். வருவாய்த் துறையின் ஏணியில் ஒரு படியில் இருந்தவர். ஜில்லா கலெக்டரே ஜில்லா மாஜிஸ்திரேட். வரி வசூலிப்பவர், போலீசை மேற்பார்வை பார்ப்பவர், குற்றவாளி என்று தீர்மானிப்பவர் எல்லோரும் ஒரே கச்சேரி. இந்த அமைப்புக்குள் நின்றுகொண்டு மூன்று மாஜிஸ்திரேட்டுகளை மாட்டவைத்தது லேசுப்பட்ட காரியமில்லை.

மேல்முறையீட்டுக்கும் சீராய்வுக்கும் வெளியே உயர் நீதிமன்றத்தை நேரே தட்டும் வழியும் கிடையாது. இன்று ரிட் மனு என்றால் கிராமத்துக்காரருக்கும் தெரியும். அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் சென்னைப் பட்டணத்தோடு முடிந்துவிட்டது. கஞ்சம் ஜில்லாவின் பர்லாக்கிமிடி ஜமீன் குடிகளுடைய வழக்கில் 1943இல் பிரிவி கவுன்சில் இதை அடித்துச் சொன்னது: பட்டணத்துக்கு வெளியே உள்ள ரயத்துக்காக வருவாய் அதிகாரியின் உத்தரவை ரத்து செய்யும் ரிட் அந்த நீதிமன்றத்துக்கு இல்லை. ஆட்கொணர்வு மட்டும் சற்று முன்னதாக, 1923இல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டபோது மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. வ.உ.சி. கைதானது அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு.

அந்தக் கைதின் பின்னணி பரவலாகத் தெரிந்தது, வேகமாகச் சொல்லிவிடலாம். 1906 அக்டோபர் 16இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். 1908 பிப்ரவரி 27இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஹார்வி நிர்வாகம் இறங்கிவந்து கூலியையும் விடுமுறையையும் ஒத்துக்கொண்டது. மார்ச் 9இல் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் கூட்டம். 12ஆம் தேதி கலெக்டர் விஞ்சு வ.உ.சி.யைக் கைது செய்ய, மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள்.

வழக்கில் நம் கவனத்துக்கு உரியது சாட்சியம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவில் குற்றம் பேச்சு. பேச்சு எங்கே இருக்கிறது? அன்று தமிழில் போலீசாரிடம் சுருக்கெழுத்து இல்லை. கூட்டத்தில் நின்ற போலீசார் கேட்டதைக் கிடைத்த வேகத்தில் குறித்துக்கொண்டார்கள், மீதியை நினைவிலிருந்து எழுதினார்கள். அந்தக் குறிப்பு ஆங்கிலமாகி நீதிபதியின் மேசைக்குப் போனது. தூத்துக்குடிக் கடற்கரையில் தமிழில் பேசிய ஒருவரின் வாக்கியம் போலீஸ்காரரின் காது, கை, ஞாபகம், மொழிபெயர்ப்பாளரின் பேனா என்று நான்கு சல்லடையைத் தாண்டித்தான் குற்றமாயிற்று. இந்த வழக்குகளின் அனுபவத்துக்குப் பிறகுதான் சென்னை போலீசார் தமிழ்ச் சுருக்கெழுத்தை வளர்ப்பதில் அக்கறை காட்டினார்கள் என்பதை மானிடவியலாளர் பெர்னார்ட் பேட் எழுதியிருக்கிறார். சுதேசி மேடைப்பேச்சின் வளர்ச்சியைப் பற்றிய அவருடைய ஆய்வில் வரும் இந்தச் செய்தியை நம் சட்ட வரலாற்றுக்காரர்களும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

1908 ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். தாம் செய்த ராஜத்துரோகத்துக்கு ஓர் ஆயுள், கூட்டங்களில் கூடப் பேசிய சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு ஆயுள், ஆக நாற்பது ஆண்டு தீவாந்தரம். இரண்டு வாரம் கழித்து பம்பாயில் இதே பிரிவில் திலகருக்குக் கிடைத்தது ஆறாண்டு. பட்டணத்துப் பத்திரிகை ஆசிரியருக்கு ஆறு, ஜில்லா பிளீடருக்கு நாற்பது. இந்தியா மந்திரி மார்லியே திருநெல்வேலித் தண்டனைகளைக் கண்டு திகைத்து வைசிராய்க்கு எழுதினார். மேல்முறையீட்டில் வ.உ.சி.யின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது.

சிறையில் செக்கு. அது எல்லோருக்கும் தெரியும். சிறைக்குள்ளிருந்து அவர் சட்ட நுணுக்கங்களை எடுத்துவைத்து மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கையில் காப்புக் காய்த்த ஆள், இரவில் சட்டப் பிரிவுகளை நினைவுகூர்ந்து முறையீடு தயாரிப்பதை எண்ணிப் பார்த்தால், செக்கு மாட்டின் இடத்தில் நின்ற தியாகி என்ற படம் சற்று விலகி, தொழிலை விடாத பிளீடர் ஒருவர் தெரிகிறார். எனக்கு அந்த இரண்டாவது ஆள்தான் அதிகம் நெருக்கமானவர்.

1912 டிசம்பர் 24இல் விடுதலையானபோது கம்பெனி போய்விட்டது, கப்பலும் போய்விட்டது. கூடவே சன்னதும் போயிருந்தது. சன்னது என்றால் வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமச் சான்று. 1879ஆம் ஆண்டு வக்கீல் தொழிலாளர் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தொழிலுக்கு லாயக்கற்றவர் என்று காட்டும் குணக்கேடு கொண்ட குற்றத்தில் தண்டனை பெற்ற பிளீடரை நீக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. ராஜத்துரோகம் குணக்கேடா? அரசாங்கத்தை வெறுக்கிறவர் கட்சிக்காரரின் பணத்தைத் தின்றுவிடுவாரா? கேள்வி சின்னது, பதில் சொல்ல உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. காந்தி 1922 மார்ச்சில் ராஜத்துரோகத்துக்குத் தண்டிக்கப்பட்டார். அவரை பாரிஸ்டராக்கிய இன்னர் டெம்பிள் அந்த ஆண்டு நவம்பரிலேயே அவர் பெயரை அடித்தது. திரும்பச் சேர்த்தது 1988இல், அவர் செத்து நாற்பது ஆண்டுக்குப் பிறகு. தென்னாப்பிரிக்காவில் சட்ட மறுப்பு இயக்கத்தில் தண்டனை பெற்ற மண்டேலாவை வக்கீல் பட்டியலிலிருந்து நீக்க டிரான்ஸ்வால் சட்டச் சங்கம் வழக்குப் போட்டது. தன் மக்களின் உரிமைக்காகச் சட்டத்தை மீறியவர் அதனாலேயே நேர்மை கெட்டவர் ஆகிவிடமாட்டார் என்று 1954இல் அந்த நாட்டு நீதிமன்றமே மறுத்துவிட்டது. நிறவெறி அரசின் காலத்தில் வந்த தீர்ப்பு அது.

வ.உ.சி.க்குத் தீர்ப்பு ஏதும் வரவில்லை, ஒரு மனிதர் வந்தார். 1908இல் திருநெல்வேலியில் கூடுதல் ஜில்லா மாஜிஸ்திரேட்டாக இருந்து, பூர்வாங்க விசாரணை நடத்தி, வழக்கைச் செஷன்சுக்கு அனுப்பிய இ.எச். வாலஸ் பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். சன்னதைத் திரும்பப் பெற்றுத் தந்தது அவர்தான். நன்றிக்கு அடையாளமாக வ.உ.சி. தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். தம்மைச் சிறைக்கு அனுப்பிய வரிசையில் நின்ற வெள்ளைக்காரரின் பெயரோடு ஈசுவரனைச் சேர்த்து வீட்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இதை மன்னிக்கும் குணம் என்று பாராட்டுவார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. தொழில் உரிமை என்பது நியாயமாகக் கேட்டுப் பெற வேண்டிய உரிமையாக இல்லாமல், ஒருவரின் நல்ல மனசைச் சார்ந்து நின்றது. வாலஸ் அந்த நாற்காலியில் இல்லாவிட்டால்?

இன்றைய 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் இதற்கு ஒரு விடை உண்டு. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்கும் விடுதலையாகி இரண்டு ஆண்டு கழிந்தால் பதிவுக்கான தடை விலகிவிடும் என்கிறது 24அ பிரிவு. இந்தக் கணக்கில் பார்த்தால் 1914 டிசம்பருக்குப் பிறகு வ.உ.சி. விண்ணப்பித்திருக்கலாம். அவருக்குச் சன்னது வந்தபோது 1920களில் சில ஆண்டுகள் கழிந்துவிட்டன. இடைப்பட்ட காலத்தில் சென்னையிலும் கோவையிலும் அவர் பட்ட வறுமையில் பெரும்பங்கு இந்தச் சன்னது இல்லாத வறுமை.

வேடிக்கை என்னவென்றால், அவர் சன்னது தேடிய காலத்தில்தான் காங்கிரஸ் வக்கீல்கள் கோர்ட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். 1920இல் காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தில் கோர்ட்டுப் புறக்கணிப்பும் ஒன்று. ராஜாஜி தொழிலைத் துறந்தார். வ.உ.சி. அந்தத் திட்டத்தை ஏற்காமல் காங்கிரசிலிருந்து விலகினார். வருமானம் உள்ளவர் துறப்பதற்கும், பறிகொடுத்தவர் திரும்பக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைய அரசியல் புரிந்துகொள்ளவில்லை. இவரைப் பழைய ஆள் என்று ஒதுக்கியது.

இந்தப் பின்னணியில்தான் கோவில்பட்டி. தீப்பெட்டி ஆலைகள் இந்த வட்டாரத்தில் தலையெடுத்துக்கொண்டிருந்த காலம். வக்காலத்துத் தாள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மேலே முத்திரை வில்லை, நடுவில் கட்சிக்காரரின் பெயரும் தகப்பன் பெயரும் ஊரும், கீழே கைநாட்டு. அதற்குப் பக்கத்தில் வக்கீலின் கையெழுத்து. கரிசல் விவசாயி ஒருவர் அரசோடும் ஜமீனோடும் எழுத்தில் பேசும் வழி அந்த ஒரு தாள்தான். பகலில் அத்தகைய தாள்களில் கையெழுத்துப் போட்ட வ.உ.சி. மற்ற நேரத்தில் தொல்காப்பிய இளம்பூரண உரையின் பாடத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். 1927இல் சேலத்து அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கப் போனபோதும் அவர் கோவில்பட்டி வக்கீல்தான். பாடபேதத்தைப் பார்க்கிற கண்ணும் சாட்சியில் உள்ள முரணைப் பார்க்கிற கண்ணும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. சம்பாத்தியம் மட்டும் கடைசிவரை சரிவரவில்லை. 1936 நவம்பர் 18இல் அவர் இறந்தபோது எழுதிவைத்திருந்த உயிலில் கடன் பட்டியலும் இருந்தது.

பதின்மூன்று ஆண்டு கழித்து அரசியலமைப்பு வந்தது. அதன் 226ஆம் உறுப்பு, பட்டணத்துக்குள் அடைபட்டிருந்த ரிட்டை மாகாணத்தின் கடைசிக் கிராமம்வரை திறந்துவிட்டது. 2004 ஜூலை 24இல் மதுரைக் கிளை தொடங்கியபோது தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னைப் பயணமும் மிச்சமாயிற்று. கரிசல்காட்டுக் கலிங்கப்பட்டிக்காரரான வைகோ, தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிராக வக்கீல் வைக்காமல் தாமே வாதாடினார். 2010 செப்டம்பர் 28இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013 ஏப்ரல் 2இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தாலும், வழக்குத் தொடுத்தவர்களின் உழைப்பைத் தீர்ப்பிலேயே பாராட்டியது. ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்மீது நடந்த 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனபிறகு அரசு ஆலையை மூடியது. 2024 பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வ.உ.சி. கடற்கரையில் பேசிச் சிறைக்குப் போன ஊருக்காக, இப்படி ஒரு வாதம் கோர்ட்டுக்குள் ஆண்டுக்கணக்கில் நடக்க முடிந்திருக்கிறது.

ஆனால் ரிட் வந்தபிறகும் ஆரம்பம் கீழ்க்கோர்ட்டின் தாளில்தான். அதைக் காட்டியது கோவில்பட்டியே. 2020 ஜூன் 19இல் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்கு மேல் செல்போன் கடையைத் திறந்துவைத்ததாகச் சொல்லி ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீசார் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ரிமாண்ட். உடம்பு நன்றாக இருப்பதாக மருத்துவச் சான்று. பிறகு சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளிக் கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி இரவு மகனும் 23ஆம் தேதி விடியலில் தகப்பனும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். மருத்துவச் சான்று ஒன்று சொல்ல, சிறையில் சேர்க்கும்போது எழுதிய பதிவேட்டில் காயங்கள் குறிக்கப்பட்டிருந்தன.

24ஆம் தேதி மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் தாமாகவே வழக்கை எடுத்தார்கள். காவலில் மரணம் என்றால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2005இல் சேர்த்த திருத்தத்தின்படி, கோவில்பட்டி நடுவர் பாரதிதாசன் சாத்தான்குளம் நிலையத்துக்குப் போனார். ஆவணம் கேட்டால் தாமதம், வெளியே கேலிப் பேச்சு, அவர்மீதே ஏளன வார்த்தை. கேமரா பதிவுகள் அன்றாடம் தானாக அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தன. ஒரு பெண் தலைமைக் காவலர் மட்டும் பயந்து பயந்து, இரவெல்லாம் அடித்ததையும் லத்தியிலும் மேசையிலும் இருந்த ரத்தக் கறையையும் சொன்னார். அழித்துவிடுவார்கள், உடனே கைப்பற்றுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். கையெழுத்துப் போடத் தயங்கிப் பிறகு போட்டார். நடுவரின் அறிக்கை மதுரைக்குப் போன கையோடு, நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 1908இல் கலெக்டரின் கச்சேரி பிளீடரைப் பிடித்தது. 2020இல் கலெக்டரின் ஆட்கள் போலீஸ் நிலையத்துச் சாட்சியத்துக்குக் காவல் இருந்தார்கள். அந்தச் செப்டம்பரிலேயே மத்தியப் புலனாய்வுத் துறை 9 போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

1908இல் தாளை எழுதியது ஒரே தரப்பு. 2020இல் சிறைப் பதிவேடு ஒரு கை, நடுவரின் குறிப்பு இன்னொரு கை, அந்தப் பெண் காவலரின் கையெழுத்து மூன்றாவது. ரிட் அதிகாரம் எவ்வளவு பெரிதானாலும் இந்த மூன்று தாளும் இல்லையென்றால் மதுரையில் பேச எதுவும் இருந்திருக்காது. ஓட்டப்பிடாரத்தில் மூன்று மாஜிஸ்திரேட்டுகளை மாட்டவைத்த இளம் பிளீடருக்கு இது புரிந்திருக்கும்.

கோர்ட்டு ஆவணங்களைக் குறித்த காலத்துக்குப் பின் அழிக்க 1917ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்கிறது. அழியாமல் மிஞ்சுவது பெரும்பாலும் கட்சிக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோன நகல்தான். கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், கழுகுமலைப் பக்கம் வீட்டுப் பரணிலோ தகரப்பெட்டியிலோ 1932க்கு முந்தின டிக்ரி நகலோ வக்காலத்தோ கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வக்கீலின் கையெழுத்து இருக்கும் இடத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.